அப்பாவுக்கு வந்த ரீஃபண்ட் மெயில்: லிங்க்கை அழுத்திவிட்டார், இப்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பொருநைமகள்:

வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நான் சென்னையில். அவருடைய எஃப்டி வட்டியில் டிடிஎஸ் (வட்டி தரும்போதே வங்கி பிடித்துக்கொள்ளும் வரி) பிடித்திருந்தார்கள், அதைத் திரும்ப வாங்குவதற்காக ரிட்டர்ன் போட்டோம். போட்டு வெகு நாளாகியும் பணம் வரவில்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் அடிக்கடி பதிந்து பார்த்துவிட்டு வருவார். இந்த நேரம் பார்த்து நேற்று மத்தியானம் ஒரு மெயில். அனுப்பியவர் பெயர் 'இன்கம் டாக்ஸ் டிபார்ட்மென்ட்', மேலே சிங்கமுகச் சின்னம், கீழே பெங்களூரு முகவரி. உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுவிட்டது, உங்கள் வங்கிக் கணக்கு எண் இது, தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்க்கில் போய் 24 மணி நேரத்துக்குள் திருத்துங்கள் என்று எழுதியிருக்கிறது. கணக்கு எண்ணில் நடுவில் எல்லாம் எக்ஸ், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிறது. அது அப்பாவின் எண் இல்லை. 'ஓ, நம்பரைத் தப்பாக வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இத்தனை நாள் வரவில்லை' என்று அவர் நினைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

லிங்க்கை அழுத்தியதும் ஒரு பக்கம் திறந்திருக்கிறது. பான் எண், பிறந்த தேதி கேட்டது, போட்டுவிட்டார். அடுத்த பக்கத்தில் டெபிட் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம், ஏடிஎம் பின் நான்கையும் கேட்டதும் சந்தேகம் வந்து மூடிவிட்டு எனக்கு போன் செய்தார். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் பக்கத்து மொபைல் கடையில் காட்டியதற்கு, போனுக்குள் வைரஸ் வந்திருக்கும், முழுக்க அழித்து ஃபார்மட் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் போட்டோ எல்லாம் அந்த போனில்தான் இருக்கிறது, அப்பா இரவு தூங்கவில்லை.

அந்த லிங்க்கின் முகவரி இதுதான், யாரும் தவறி அழுத்திவிடக் கூடாது என்று தமிழில் தட்டியிருக்கிறேன்: இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன்.ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ்.டாப்/வெரிஃபை. இதில் இன்கம்டாக்ஸ் என்றும் ஜிஓவி.இன் என்றும் சரியாகத்தானே இருக்கிறது? போனை அழிக்க வேண்டுமா? பான் எண் போனதால் என்ன ஆகும்? இனி வருகிற மெயில் நிஜமா பொய்யா என்று அவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?


சர்வர்அறை_கோவை:

சகோதரி, முதலில் அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். போனை அழிக்க வேண்டாம்.

இந்த மாதிரி மெயில்களில் பெரும்பாலானவை போனுக்குள் எதையும் நுழைப்பதற்காக வருவதில்லை, ஆளையே விவரத்தைத் தட்ட வைப்பதற்காக வருகின்றன. புது அப்டேட் போட்ட போனில் ஒரு பக்கம் திறந்து மூடியதாலேயே எதுவும் உள்ளே உட்கார்ந்துவிடுவது மிக அபூர்வம், அவ்வளவு விலையுயர்ந்த வழியை ரீஃபண்ட் மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்பும் மெயிலில் செலவழிக்க மாட்டார்கள். பயப்பட வேண்டியது ஏதாவது ஃபைல் இறங்கியிருந்தால்தான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து நேற்று மத்தியானத் தேதியில் ஏபிகே என்று முடியும் ஃபைல், அதாவது ஆப்பை நிறுவும் ஃபைல், இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் ஆப் பட்டியலைப் பாருங்கள், அவருக்குத் தெரியாத புது ஆப் எதுவும் கூடாது. தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதி என்று ஒரு இடம் இருக்கும், அங்கே குரோமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ அனுமதி கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஆர்டிஓ அபராதச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்கள் அந்த வழியாகத்தான் நுழைந்து, வரும் எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியை அனுப்புகின்றன. குரோமில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலையும் பார்த்து, தெரியாததை நீக்குங்கள். இவற்றில் எதுவும் இல்லை என்றால் போன் சுத்தம்.

ஒன்று மட்டும் நடந்திருக்கும். அந்த லிங்க்கின் வால்பகுதியில் பெரும்பாலும் அப்பாவுக்கென்றே ஒரு அடையாளக் குறி ஒட்டியிருக்கும், அழுத்தியதும் இந்த மெயில் முகவரிக்குப் பின்னால் ஆள் இருக்கிறார், நம்பி அழுத்துகிறார் என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஆகவே இனி கொஞ்ச காலம் இவருக்கு இதே மாதிரி நிறைய வரும், போன் அழைப்பும் வரலாம். வருமான வரி அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பான் எண் இது, பிறந்த தேதி இது என்று சரியாகவே சொல்வார்கள். நேற்று அவரே கொடுத்ததுதான். இதை அவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், மிக முக்கியம்.

இப்போது முகவரி. நீங்கள் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. தொடக்கத்தில் இருக்கும் எச்டிடிபிஎஸ் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டுங்கள். அதற்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து இடது பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். நீங்கள் கொடுத்த முகவரியில் அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது 'டாப்', அதற்கு முன் 'ரீஃபண்ட்-ஸ்டேட்டஸ்'. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உரிமையாளர் வாங்கிய பெயர். அதற்கும் இடப்பக்கம் இருக்கிற இன்கம்டாக்ஸ், ஜிஓவி, இன் எல்லாம் அந்த உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்ட ஒட்டு. பத்து அரசு அலுவலகப் பெயரைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது. வருமான வரித் துறைத் தளமாக இருந்தால் அந்தச் சாய்கோட்டை ஒட்டி ஜிஓவி.இன் என்று முடிய வேண்டும், அந்த முடிவு அரசுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது. போனில் முகவரிப் பட்டை குட்டியாக இருப்பதால் முன்பகுதி மட்டும் கண்ணில் பட்டால் போதும் என்றே இப்படி நீளமாக வைக்கிறார்கள்.

இன்னும் சில தந்திரங்கள் உண்டு. முகவரிக்கு நடுவில் அட் குறி வைத்தால் அதற்கு முன்னால் இருப்பதை பிரவுசர் தள முகவரியாக எடுத்துக்கொள்ளாது, அங்கே நல்ல பெயரை வைத்துவிடுவார்கள். ஆங்கில ஆர், என் இரண்டையும் சிறிய எழுத்தில் ஒட்டிப்போட்டால் எம் மாதிரித் தெரியும். ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்து 'அ' பார்க்க அச்சு அசல் ஆங்கில 'ஏ' மாதிரியே இருக்கும், 2017இல் ஒரு ஆய்வாளர் அந்த எழுத்துகளை வைத்தே ஆப்பிள் தளத்தின் பெயரில் ஒரு டொமைன் (தளப் பெயர்) பதிந்து காட்டினார், அப்போதைய குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் கண்ணால் வித்தியாசமே தெரியவில்லை. முகவரிப் பட்டையில் வரும் பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம், மோசடித் தளத்துக்கும் இலவசமாகவே அந்தப் பூட்டுக்கான சான்றிதழ் கிடைக்கும். பூட்டைப் பார்த்து மக்கள் தளமே நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் 2023இல் கூகுள் குரோமிலிருந்து அந்தச் சின்னத்தையே எடுத்தது.

அனுப்பியவர் பெயரும் அப்படித்தான், தபால் கவரின் ஓரத்தில் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம் இல்லையா. ஜிமெயிலில் பெயருக்குக் கீழே 'எனக்கு' என்று இருக்கும் இடத்தை அழுத்தினால் உண்மையான முகவரி தெரியும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.


வரிமேசை:

காரைக்குடியில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். இந்த 15,490 ரூபாய் பழைய ஆள்! 2023இல் இதே தொகை, இதே வாசகம், இதே அரைகுறை கணக்கு எண்ணோடு எஸ்எம்எஸ்ஸாகச் சுற்றியது, அப்போதே மத்திய அரசின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவான பிஐபி ஃபேக்ட் செக் இது போலி என்று அறிவித்தது. கணக்கு எண் தப்பாக இருப்பது அவர்கள் கவனக்குறைவு இல்லை. தப்பான எண்ணைப் பார்த்தால்தான் நாம் பதறிப்போய்த் திருத்தப் போவோம்.

ரீஃபண்ட் எப்படி வரும் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ரிட்டர்னை பெங்களூருவில் இருக்கிற துறையின் பரிசீலனை மையம், சிபிசி, பரிசீலித்து முடிவைச் சொல்லும் 143(1) இன்டிமேஷன் அனுப்பும். அது மெயிலில் பிடிஎஃப் இணைப்பாக வரும், திறக்க பாஸ்வேர்டு கேட்கும்: பான் எண் சிறிய எழுத்தில், அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கமாக. பணம், இ-ஃபைலிங் தளத்தில் நாம் முன்கூட்டியே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போய்விடும். இதில் எந்தக் கட்டத்திலும் டெபிட் கார்டுக்கு வேலையே இல்லை. பணம் போடுவதற்குக் கணக்கு எண் போதும். கார்டு எண்ணும் பின்னும் எடுப்பதற்குத்தான். அப்பா அந்த இடத்தில் நிறுத்தியது நல்ல காரியம்.

நிஜ மெயில்களும் துறையிலிருந்து வரத்தான் செய்யும், அதனால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடவும் கூடாது, நோட்டீஸ் வந்து பதில் போடாமல் விட்டால் அது வேறு தலைவலி. 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் நோட்டீஸ், ஆணை, கடிதங்களில் டின் என்கிற ஆவண எண் இருக்க வேண்டும். இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன் தளத்தின் முகப்பில், லாகின் செய்யாமலே, அந்த எண்ணைப் போட்டு இது துறை அனுப்பியதா என்று பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் வாடிக்கையாளர் யார் நோட்டீஸ் கொண்டுவந்தாலும் முதல் வேலை அதுதான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிப்பது அதற்கப்புறம்.

பான் எண்ணும் பிறந்த தேதியும் போனதைப் பற்றி: அதை மட்டும் வைத்துக்கொண்டு வங்கியில் பணம் எடுக்க முடியாது. ஆனால் யாராவது அவர் பெயரில் சின்னக் கடன் எடுக்க முயலலாம். யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் ஒரே நாளில் எடுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆகும். தெரியாத கடன் விசாரணை ஏதாவது இருந்தால் உடனே ஆட்சேபணை பதியுங்கள். இ-ஃபைலிங் பாஸ்வேர்டு ஏதாவது பிறந்த தேதியை வைத்து இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

அந்த மெயிலை அழிக்கும் முன் துறைக்கு அனுப்பிவிடுங்கள். வெப்மேனேஜர் என்ற பெயருக்கு அப்புறம் அட் குறி, இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன். நகல், இன்சிடென்ட் அட் செர்ட்-இன்.ஓஆர்ஜி.இன். துறையே சொல்லியிருக்கும் முகவரிகள் இவை.


தேக்காவாசி:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கோவை நண்பர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் எழுபது வயது மனிதருக்குச் சாய்கோட்டில் நின்று இடப்பக்கம் படிக்கச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது அவருடைய வேலையே இல்லை. பத்து முறை சரியாகப் படித்துப் பதினோராவது முறை கண் தவறினால் போதும், எல்லாம் போயிற்று.

இன்னொன்று, நல்ல கம்பெனிகள் அனுப்பும் மெயில்களின் லிங்க்கும் பார்க்க இப்படித்தான் இருக்கிறது. எனக்கு வரும் வங்கி விளம்பர மெயில்களை எடுத்து லிங்க்கின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்துப் பார்த்தால், வங்கியின் பெயரே இல்லாத ஏதோ ஒரு விளம்பர அனுப்புநர் தளத்தின் முகவரி, அதற்குப் பின்னால் ஐந்தாறு வரிக்கு எழுத்தும் எண்ணும். யார் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக வைக்கிறார்கள். வாடிக்கையாளரை இப்படித் தெரியாத முகவரிகளை அழுத்தப் பழக்கிவிட்டு, அப்புறம் தெரியாத லிங்க்கை அழுத்தாதீர்கள் என்று எச்சரிக்கை போடுவது நியாயமில்லை.

இங்கே 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி பெயரில் வந்த எஸ்எம்எஸ்களில் கிட்டத்தட்ட 790 பேர் மாட்டினார்கள், போனது 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி. வங்கியின் உண்மையான குறுஞ்செய்திகள் வரும் அதே வரிசைக்குள் இந்தப் பொய்ச் செய்தியும் வந்து உட்கார்ந்தது, அதனால் படித்தவர்கள், கணினித் துறையில் இருப்பவர்கள் என்று எல்லோரும்தான் நம்பினார்கள். வங்கி பிறகு முழுத் தொகையையும் நல்லெண்ணத்தில் திருப்பித் தந்தது. ஆனால் நான் சொல்ல வருவது அதற்குப் பின் நடந்தது. 2022 ஜனவரியில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து, தனிநபர் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மெயிலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அழுத்துகிற மாதிரி லிங்க்கே இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டன. லிங்க்கைச் சரிபார்க்க மக்களுக்கு வகுப்பு எடுப்பதை விட இது எவ்வளவு மேல்! வங்கியிலிருந்து லிங்க் வந்தால் அது வங்கி இல்லை, முடிந்தது. என் அம்மாவுக்கு இது ஒரே வாக்கியத்தில் புரிந்தது.

இந்தியாவில் அந்த விதி இல்லாவிட்டால் நீங்களே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பணம், வரி, பார்சல், மின்கட்டணம் எதைப் பற்றி மெயில் வந்தாலும் சேதியை மட்டும் படிக்க வேண்டியது, லிங்க்கைத் தொடக் கூடாது. சேதி நிஜமாக இருந்தால் அந்தத் தளத்துக்கு நாமே போனாலும் அங்கே தெரியும்.

2016இல் ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது, யாரோ உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டார்கள், உடனே மாற்றுங்கள் என்று, நிஜ முகவரி வெளியே தெரியாத பிட்லி சுருக்க லிங்க்கோடு. உதவியாளர் அதைக் கணினி உதவிக்கு இருந்தவருக்கு அனுப்பிக் கேட்டார். அவர் 'இது உண்மையான மெயில்தான், உடனே பாஸ்வேர்டு மாற்றட்டும்' என்று பதில் போட்டார். போலி என்று எழுத நினைத்துத் தவறிப்போனது என்று பிற்பாடு சொன்னார். கவனியுங்கள், அதே பதிலில் கூகுளின் சரியான முகவரியையும் தந்திருந்தார். அந்த முகவரிக்குப் போயிருந்தால் அவருடைய தவறால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. மெயிலில் இருந்த லிங்க்கை அழுத்தினார்கள், ஆயிரக்கணக்கான கடிதங்கள் விக்கிலீக்ஸில் வந்தன. மெயில் உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதிலேயே நாம் இத்தனை நேரம் செலவழிக்கிறோம், தீர்ப்பு தப்பினாலும் அடிபடாத வழி கையில் இருக்கும்போது.


சர்வர்அறை_கோவை:

தேக்காவாசி, அப்பாவுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். முகவரியைப் படிப்பது மகளுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் யாராவது ஒருவருக்கு வீட்டில் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொபைல் கடைக்காரர் சொல்வதுதான் வேதமாகிவிடும்.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் ஒரு சாட்சி. 2017 மே மாதத்தில் கூகுள் டாக்ஸ் பெயரில் ஒரு மெயில் பரவியது. அதன் லிங்க் போன இடம் நிஜமான கூகுள் லாகின் பக்கம்! முகவரியை எப்படிப் படித்தாலும் சரி என்றுதான் வரும். உள்ளே போனதும் 'கூகுள் டாக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட வேறு யாருடையதோ ஒரு ஆப் உங்கள் மெயிலைப் படிக்கவும் தொடர்புப் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. கொடுத்ததும் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அதே மெயில் போனது. பாஸ்வேர்டு திருடவே இல்லை, அதனால் பாஸ்வேர்டை மாற்றினாலும் பயன் இல்லை, கூகுள் கணக்கில் மூன்றாம் தரப்பு ஆப்களுக்குக் கொடுத்த அனுமதியைப் போய் ரத்து செய்ய வேண்டும். பொருநைமகள், அப்பாவின் கணக்கில் அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்படியே ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டும். யாராவது உள்ளே வந்திருந்தால் வங்கி மெயில்கள் வேறு முகவரிக்குப் போகும்படி அங்கேதான் ரகசியமாக எழுதி வைப்பார்கள், மாதக்கணக்கில் தெரியாது.

லிங்க்கையும் ஃபைலையும் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் மாதிரித் தளத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் எதிலும் சிக்கவில்லை என்று வந்தால் நல்ல லிங்க் என்று அர்த்தம் இல்லை. காலையில் தொடங்கி மாலையில் மூடிவிடுகிற தளங்கள் இவை, எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. அப்புறம் அங்கே ஏற்றுவதை மற்றவர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

நான் நிஜமாக நம்புவது பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜரையும், பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலேயே இருக்கும் சாவியான பாஸ்கீயையும்தான். நம் கண் ஏமாறும், அது ஏமாறாது. சேமித்து வைத்த டொமைன் ஒரு எழுத்து மாறினாலும் பாஸ்வேர்டை நிரப்பாமல் சும்மா இருக்கும். வழக்கமாகத் தானாக நிரம்பும் இடம் காலியாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், இப்போதைய மோசடிப் பக்கங்கள் நீங்கள் போடும் ஓடிபியை அந்த நொடியே நிஜத் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகின்றன. பாஸ்கீ அந்த டொமைனில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் இந்த வித்தை அதனிடம் பலிக்காது.


ஓய்வுபெற்ற_கிளைமேலாளர்:

பாருங்கம்மா, பணம் போகவில்லை என்பதால் இந்த முறை சரி. போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு தாளில் எழுதி அப்பா போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் தேடத் தோன்றாது.

முதலில் 1930. சைபர் குற்றத்துக்கான தேசிய எண். கையோடு வங்கிக்கும் பேசி கார்டை முடக்க வேண்டும், எண் கார்டின் பின்பக்கம் இருக்கும், கூகுளில் தேடி எடுக்கக் கூடாது, அங்கே போலி கஸ்டமர் கேர் எண்கள் நிறைய. 1930க்கு ஏன் இத்தனை அவசரம் என்றால், திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும், ஏடிஎம்மில் எடுக்கப்படும் முன் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்க அவர்களால் முடியும். ஒரு மணி நேரத்தில் சொன்னவருக்கும் மறுநாள் சொன்னவருக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது. மோசடி நடந்தால் பலர் வெட்கப்பட்டு வீட்டிலேயே சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். என் கிளையில் என்னிடம் அப்படி நாள் கழித்து வந்த பெரியவர்களை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படும். உங்கள் அப்பா உடனே உங்களுக்கு போன் போட்டார் அல்லவா, அதற்காக அவரைப் பாராட்டுங்கள், ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லிவிடாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது, அதில் சொன்னது இது. வங்கி பக்கமும் தப்பில்லை, வாடிக்கையாளர் பக்கமும் தப்பில்லை, நடுவில் வேறெங்கோ கசிந்தது என்றால் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் என்றால் ஒரு வரம்புக்குள் பொறுப்பு. ஆனால் நாமே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில், தெரிவித்த பிறகு போனால் வங்கியின் தலையில். ஆகவே அந்த நிலையிலும் ஒவ்வொரு நிமிடமும் காசுதான். புகார் கொடுத்த நேரத்தையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு நல்ல சேதி. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் தங்கள் தளத்தை பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஐடிஆர்பிடி என்கிற நிறுவனம் மட்டும்தான் அதைப் பதிந்து கொடுக்கும், வங்கி அல்லாதவர் வாங்க முடியாது. கோவைத் தம்பி சொன்ன மாதிரி சாய்கோட்டுக்கு முன்னால் பேங்க்.இன் இருக்க வேண்டும் என்பது வரை தெரிந்தால் நல்லது. ஆனால் அப்பாவுக்கு வங்கி ஆப்பைத் திறந்து பார்ப்பதே எளிது.


பொருநைமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் வீடியோ காலில் வைத்தே பார்த்தேன். டவுன்லோட்ஸில் ஏபிகே எதுவும் இல்லை, புது ஆப் இல்லை. குரோமில் மட்டும் சம்பந்தமில்லாத ஏழெட்டுத் தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுமதி வாங்கி வைத்திருந்தன, எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன், இந்த மெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன். ஃபார்வேர்டிங், ஃபில்டர் காலி. கோவை அண்ணா கேட்டபடி அனுப்பியவர் முகவரியை அழுத்திப் பார்த்தேன், ஏதோ வெளிநாட்டுப் பல் மருத்துவமனையின் முகவரி! அவர்கள் கணக்கை யாரோ பிடித்து அனுப்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

வரிமேசை அக்கா, தளத்துக்கு நாங்களே போய் லாகின் செய்தோம். ரிட்டர்ன் பரிசீலித்து முடித்திருக்கிறார்கள், 143(1) இன்டிமேஷன் மெயில் ஸ்பாம் ஃபோல்டரில் கிடந்தது. ரீஃபண்ட் நிலை என்ற இடத்தில் 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று காட்டுகிறது. தொகை 15,490 இல்லை, அதைவிடக் குறைவு. அப்பாவின் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி (கிளையின் குறியீடு) மாறியதை நாங்கள் அங்கே மாற்றவில்லை. அப்படியானால் நிஜமாகவே கணக்கு விவரம் சரியில்லாமல்தான் பணம் வராமல் இருந்திருக்கிறது. அப்பா அதைச் சொல்லி, நான் நினைத்தது சரிதானே என்கிறார். இதை எப்படித் திருத்துவது? இதற்கும் ஏதாவது லிங்க் வருமா?


வரிமேசை:

அவர் நினைத்தது சரிதான், போன வழிதான் தப்பு. லிங்க் எதுவும் வராது, எல்லாம் லாகினுக்கு உள்ளேயே. மை ப்ரொஃபைலில் வங்கிக் கணக்குப் பகுதிக்குப் போய் பழைய ஐஎஃப்எஸ்சி இருக்கிற கணக்கை நீக்கிவிட்டு, புது ஐஎஃப்எஸ்சியோடு சேர்த்து வேலிடேட் கொடுங்கள். வங்கியில் இருக்கிற பெயரும் பான் கார்டில் இருக்கிற பெயரும் ஒத்துப்போக வேண்டும், இனிஷியல் பிரச்சினையில் நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி இங்கேதான் தடங்கும். வேலிடேட் ஆகி ரீஃபண்டுக்கு அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு, சர்வீசஸில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ என்று இருக்கும், அதில் கோரிக்கை போட்டு ஆதார் ஓடிபியில் உறுதி செய்யுங்கள். அந்த ஓடிபியை நீங்கள் தளத்தில் மட்டும் போட வேண்டும், இடையில் யார் போன் செய்து கேட்டாலும் சொல்லக் கூடாது. இன்டிமேஷன் மெயிலை ஸ்பாமிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ரிட்டர்ன் போடும்போது வேண்டியிருக்கும். வருகிற ஏப்ரலில், டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் படிவத்தை (15எச் என்று சொல்லிப் பழகியது) கொடுக்க முடியுமா என்று பேங்க்கில் கேட்டுப் பாருங்கள், தகுதி இருந்தால் டிடிஎஸ்ஸே பிடிக்க மாட்டார்கள்.